ஆர்சிங்க் கட்டளையால் கோப்புகளைக் காப்பெடுக்கும் முறை

லினக்ஸ் கணினியில் உள்ள கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் நாள்தோறும் காப்பெடுக்க, ஆர்சிங்க் (rsync) என்ற ஒரே கட்டளையும் அதை வைத்து எழுதிய சில வரி ஷெல் ஸ்கிரிப்டும் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்து ஓட்டும் கோப்பு) போதும். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட இக்கருவி, கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் இரு பக்கமும் ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டுமே எடுத்துச் செல்வதால், முதல் நாள் மணிக்கணக்கில் ஓடினாலும் மறுநாள் முதல் விரைவாக முடிந்துவிடும்.

ஆர்சிங்க் என்ற பெயருக்குப் பின் சிறுகோட்டுடன் ‘ஏ’ (a), ‘வி’ (v) என்ற இரு எழுத்துகள், அடுத்து மூலக் கோப்புறை, கடைசியில் சேருமிடம் என்பதே கட்டளையின் அமைப்பு. ‘ஏ’ உட்கோப்புறைகளையும் அனுமதிகளையும் நேரக் குறிப்புகளையும் அப்படியே கொண்டுசெல்லும். ‘வி’ நகலெடுக்கும் கோப்புகளின் பெயர்களைத் திரையில் காட்டும்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் சாய்கோடு. மூலத்தை ‘படங்கள்’ என்று கொடுத்தால் அந்தக் கோப்புறையே சேருமிடத்துக்குள் போய் அமரும். ‘படங்கள்/’ என்று கொடுத்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். டேப் விசையை அழுத்திப் பெயரை நிரப்பும்போது, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் என்ற ஷெல் இந்தச் சாய்கோட்டைத் தானே சேர்த்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. மூலத்தில் இல்லாதவற்றைச் சேருமிடத்திலிருந்து நீக்கும் ‘டெலீட்’ (delete) தெரிவையும் இரட்டைச் சிறுகோட்டுடன் சேர்த்திருந்தால் இழப்பு பெரிதாகும்: என் காப்பு டிஸ்கில் படங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஆவணக் கோப்புறை முழுவதும் இப்படித்தான் ஒருநாள் கண்ணெதிரே அழிந்தது. அன்று முதல், ஒவ்வொரு புதிய கட்டளையையும் ‘என்’ (n) என்ற எழுத்தையும் சேர்த்து முதலில் ஒத்திகையாக ஓட்டுகிறேன். எதையும் தொடாமல், என்ன நடக்கும் என்பதை மட்டும் அது பட்டியலிடும். அதில் ‘டெலீட்டிங்’ என்று தொடங்கும் வரிகளை ஒன்றுவிடாமல் படித்த பிறகே ‘என்’ எழுத்தை நீக்க வேண்டும்.

ஸ்கிரிப்டாக எழுதும்போது, டிஸ்க் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று ‘மவுண்ட்பாயிண்ட்’ (mountpoint) கட்டளையால் முதலில் சோதித்து, இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இந்தச் சோதனை இல்லாவிட்டால், டிஸ்க் இணையாத நாளில் அதே பெயரில் உள்ள வெற்றுக் கோப்புறைக்குள் எல்லாம் எழுதப்பட்டு, கணினியின் சொந்த டிஸ்கே நிரம்பிப் போகும்.

தினமும் தானாக ஓட, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் குரோன் என்ற நிரலின் அட்டவணையான குரோன்டேப்பில் (crontab) ‘0 2 * * *’ என்று எழுதி, அதன்பின் ஸ்கிரிப்டின் முழுப் பாதையைக் கொடுத்தால், இரவு 2 மணிக்கு அது ஓடும். அந்த ஐந்து இடங்களும் முறையே நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை ஆகியவற்றைக் குறிக்கும். கணினி அணைந்திருந்தால் குரோன் அந்த வேளையைத் தவறவிட்டுவிடும் என்பதால், இரவில் கணினியை அணைப்பவர்கள் பகலில் ஒரு மணியைத் தேர்ந்துகொள்வது நல்லது.

மாதம் ஒருமுறையேனும் காப்பிலிருந்து சில கோப்புகளை வேறொரு வெற்றுக் கோப்புறைக்கு மீட்டெடுத்து, அவற்றைத் திறந்து பாருங்கள்.