கலைக்குள் தத்துவம்: நம் கண்காட்சிகளில் காணும் தவறுகள்

வேலையெல்லாம் முடிந்த பிறகு தத்துவத்தைத் தேடிப் போவதுதான் மட்டக்களப்புக் கண்காட்சிகளில் நான் அதிகம் காணும் தவறு. திறப்புக்கு முதல்நாள் இரவு தெரிதா, ஃபூக்கோ என்று ஒரு பிரெஞ்சுத் தத்துவவாதியின் பெயர் படைப்பாளர் குறிப்பில் ஏறிவிடும். அந்தப் பெயரை நீக்கிவிட்டுக் குறிப்பை மறுபடி வாசியுங்கள். எதுவும் குறையவில்லையென்றால் அந்தப் பெயர் அங்கே வேண்டாம். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை ஏன் எடுத்தீர்கள், ஏன் கிழித்தீர்கள், விரிக்காமல் ஏன் தொங்கவிட்டீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் சிந்தனை நடந்தது அந்தத் தெரிவுகளில்தான். விபுலாநந்தரையோ கலைச்சுவை பற்றிய ரசக் கோட்பாட்டையோ அலங்காரத்துக்கு ஒட்டினாலும் தவறு இதேதான்.

படைப்பைக் கோட்பாட்டுக்கு உதாரணமாக மட்டும் பார்ப்பது இன்னொன்று. இதில் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள். வான்கோ வரைந்த ஒரு சோடிச் சப்பாத்தை வைத்து, 1930களில் ஜேர்மன் தத்துவவாதி ஹைடெகர் தன் கட்டுரையொன்றில் ஓர் உழவுப் பெண்ணின் உலகத்தையே விரித்துப் பேசினார். அவை நகரத்தில் வாழ்ந்த வான்கோவின் சொந்தச் சப்பாத்துகள் என்று கலை வரலாற்றாளர் மேயர் ஷபீரோ 1968இல் வாதிட்டார். ஹைடெகரின் கட்டுரையை இன்றும் படிக்கத்தான் வேண்டும். படத்தை முதலில் நன்றாகப் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

கருத்து இருந்தால் போதும், பொருள் எதுவானாலும் சரி என்பாரும் உண்டு. அமெரிக்கக் கருத்துருக் கலைஞர் ஜோசப் கொசூத்தின் 1965ஆம் ஆண்டுப் படைப்பில் ஒரு கதிரை, அதன் புகைப்படம், கதிரைக்கான அகராதி விளக்கம் ஆகியவை உள்ளன. காட்சிக்கு வைக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கதிரையைத் தெரிந்து, அது நிற்கும் இடத்திலேயே படமெடுக்க வேண்டும். அகராதி விளக்கம் மட்டும் மாறாது. இவ்வளவு கவனமான ஏற்பாடு இல்லாமல், இவற்றுள் எது கதிரை என்ற கேள்வி பிறந்திருக்காது.

தத்துவம் ஐரோப்பாவில், சமகாலக் கலை வெள்ளைச் சுவர்களுக்குள் என்ற நினைப்புத்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கூத்தாடும் வட்டமான திறந்த அரங்கான வட்டக்களரியில் சுற்றிவரச் சனம் இருக்கும். ஆடுபவர் முதுகை மறைக்க ஒரு பக்கமும் இல்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைச் சுருக்கிப் ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, அதற்குப் புதிய பார்வையாளர் கிடைத்தார்கள். ஆனால் பார்ப்பவருக்கும் ஆடுபவருக்கும் இடையிலிருந்த உறவே வேறாகிவிட்டது. பின்னாளில் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனை மக்களோடு முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் ஊர்க் களரியிலேயே நின்றது. பிரதியில் பெண் எப்படி வருகிறாள், சாதி எப்படி வருகிறது, எதை மாற்றலாம் என்று ஆடுகிறவர்களே விவாதித்தார்கள். மரபு யாருடையது, அதைத் திருத்தும் உரிமை யாருக்கு என்பதைவிடப் பெரிய தத்துவக் கேள்வியை நான் எந்தக் கலைக்கூடத்திலும் கண்டதில்லை.

மட்டக்களப்புக் கல்லடியில் கட்புலக்கலை படிக்கும் ஒருவர், இடத்தையே படைப்பாக்கும் தன் நிறுவலில் பார்ப்பவரை எங்கே நிறுத்துவது என்ற யோசனையைக் களரியிலிருந்து தொடங்கலாம். அதன் பிறகு ஹைடெகரையோ வேறொருவரையோ எடுத்தால், ஒரு கட்டுரையையேனும் முழுதாக வாசியுங்கள்; மேற்கோள் தேடி வாசிக்க வேண்டாம். உடன்படாத இடத்தில் அடிக்கோடிட்டு, ஏன் உடன்படவில்லை என்பதைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.