ஓய்வுக்கால முதலீடு: சேர்க்கும்போது சரியானது, எடுக்கும்போது தவறாவது ஏன்?

ஓய்வுக்காலத்துக்குப் பணம் சேர்ப்பது பற்றிச் சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை சேர்ப்பதோடு நின்றுவிடுகின்றன. சீக்கிரம் தொடங்க வேண்டும், மாதந்தோறும் தவறாமல் போட வேண்டும், சந்தை இறங்கினால் பதறக் கூடாது என்பவை எல்லாம் சரியானவையே. ஆனால் அவை முப்பது வயதில் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பவருக்குப் பொருந்துபவை. அதே மனிதர் சம்பளம் நின்று, சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கத் தொடங்கும்போது, அதுவரை அவரைக் காப்பாற்றிய பழக்கங்களில் சில அவருக்கே எதிராகத் திரும்புகின்றன. ஓய்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளிலும் பிந்தைய ஐந்து ஆண்டுகளிலும் செய்யப்படும் தவறுகளே திருத்துவதற்கு மிகக் கடினமானவை என்று நான் கருதுகிறேன். ஏனெனில் இழந்ததை ஈடுகட்ட அப்போது சம்பளமும் இருக்காது, காலமும் இருக்காது.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். இருவரிடம் ஆளுக்கு 100 என்ற தொகை இருக்கிறது. இருவரும் பத்து ஆண்டுகள் ஒரே மாதிரியான சந்தையைக் காண்கிறார்கள். முதலாமவருக்கு முதல் ஆண்டில் 20 சதவீதமும் அடுத்த ஆண்டில் 15 சதவீதமும் வீழ்ச்சி. அதன்பின் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து 10 சதவீத வளர்ச்சி. இரண்டாமவருக்கு இதே எண்கள் தலைகீழாக வருகின்றன: முதலில் எட்டு நல்ல ஆண்டுகள், கடைசியில் இரண்டு கெட்ட ஆண்டுகள். இருவரும் பணத்தைத் தொடாமல் வைத்திருந்தால் பத்தாம் ஆண்டின் முடிவில் இருவரிடமும் ஏறத்தாழ 146 இருக்கும். பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறாது. ஆனால் ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் ஆளுக்கு 6 எடுத்துச் செலவழித்தால், முதலாமவரிடம் மிஞ்சுவது ஏறத்தாழ 53 மட்டுமே. இரண்டாமவரிடம் 88 இருக்கும். இருவரும் எடுத்தது ஒரே தொகை, இருவரும் பெற்ற சராசரி வருமானமும் ஒன்றே. வீழ்ச்சி எப்போது வந்தது என்பது மட்டுமே வேறு. இறங்கிய விலையில் செலவுக்காக விற்கப்பட்ட பங்குகள் பின்னர் வந்த ஏற்றத்தில் கலந்துகொள்ள அங்கே இருக்கவில்லை.

ஆகவே, ‘நீண்ட காலத்தில் சந்தை சராசரியாக இத்தனை சதவீதம் தரும்’ என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஓய்வுக்காலத்தைத் திட்டமிடுவது முதல் தவறு. சேர்ப்பவருக்குச் சராசரி ஓரளவு வழிகாட்டும். எடுப்பவருக்கோ வரிசைதான் விதி. இதற்குப் பரிகாரம் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஓய்வு நெருங்கும்போது பங்குகளின் விகிதத்தைச் சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்து, ஓய்வூதியத்தால் ஈடாகாத செலவில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குரியதை வைப்புத்தொகையிலோ குறுகிய காலக் கடன் பத்திரங்களிலோ தனியாக வைத்துவிட்டால், சந்தை சரிந்த ஆண்டில் பங்குகளை விற்க வேண்டிய கட்டாயம் பெருமளவு குறையும்.

இந்த அச்சத்தைக் கேட்டவுடன் சிலர் மறுகோடிக்கு ஓடிவிடுகிறார்கள். பணி ஓய்வு பெற்ற அன்றே எல்லாப் பணத்தையும் நிலையான வட்டிக்குப் போட்டுவிட்டு, அசல் குறையவில்லை என்று நிம்மதி அடைகிறார்கள். அசலின் எண்ணிக்கை குறையாது என்பது உண்மைதான். அந்த எண்ணிக்கையால் வாங்க முடிந்தது குறைகிறது. விலைவாசி ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறினால்கூட, இன்று 100 செலவாகும் வாழ்க்கைக்கு 25 ஆண்டுகள் கழித்து ஏறத்தாழ 267 தேவைப்படும். வட்டி மட்டும் போதும் என்று முதல் ஆண்டில் தோன்றுவது பன்னிரண்டாம் ஆண்டில் போதாமல் போகும். அந்த வயதில் மருத்துவச் செலவு ஏறுமுகத்தில் இருக்கும். சந்தை வீழ்ச்சி ஒரே நாளில் செய்தியாகிறது, பணவீக்கமோ சத்தமில்லாமல் அரிக்கிறது. அதனால்தான் இரண்டாவதைக் குறித்து நாம் போதிய அளவு பயப்படுவதில்லை.

ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்விக்கு வருவோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அந்த அளவுதான் சிக்கல். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் வெளியிட்ட கட்டுரையில், 1926 முதலான அமெரிக்கப் பங்குகள், கடன் பத்திரங்கள் ஆகியவற்றின் வரலாற்றை வைத்து, முதல் ஆண்டில் மொத்தத் தொகையில் 4 சதவீதம் எடுத்து, அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் பணவீக்கத்துக்கு ஏற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொண்டே போனாலும் பணம் 30 ஆண்டுகள் தாங்கியிருக்கும் என்று காட்டினார். பின்னாளில் அவரே அந்த விகிதத்தைச் சற்று உயர்த்தினார். இந்த ‘4 சதவீத விதி’ இன்று உலகெங்கும் வேதவாக்குபோல் சொல்லப்படுகிறது. ஆனால் அது ஒரு நாட்டின், ஒரு நூற்றாண்டின், பாதிக்குக் குறையாத பங்குகளைக் கொண்ட ஒரு கலவையின் கணக்கு. வேறு நாட்டில், வேறு பணவீக்கத்தில், முழுவதும் வைப்புத்தொகையில் வைத்திருப்பவர் அதே எண்ணைப் பிடித்துக்கொள்வது தவறு. அதைத் தொடக்கப்புள்ளியாக மட்டும் கொண்டு, சந்தை மோசமான ஆண்டுகளில் செலவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பவரின் பணமே நெடுநாள் நிற்கும்.

எத்தனை ஆண்டுகளுக்கு என்பதிலும் பலர் தவறுகிறார்கள். பிறப்பின்போது கணக்கிடப்படும் சராசரி ஆயுளை வைத்துத் திட்டமிடுகிறார்கள். அறுபது வயதை எட்டியவர் இளமையிலேயே இறந்தவர்களின் கணக்கிலிருந்து ஏற்கெனவே விலகிவிட்டார் என்பதால், அவர் எதிர்பார்க்கக்கூடிய வயது அந்தச் சராசரியைவிட அதிகம். தம்பதியாக இருந்தால் இருவரில் நெடுநாள் வாழப்போகிறவரின் வயதே கணக்கு.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவிக்கும் தவற்றுக்கு வரலாறு தாராளமாகச் சான்று தருகிறது. ஜப்பானின் நிக்கெய் பங்குச் சந்தைக் குறியீடு 1989 டிசம்பர் இறுதியில் 38,915 என்ற உச்சத்தில் முடிந்தது. அந்த எண்ணை அது மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். ஈவுத்தொகையைச் சேர்த்தால் கணக்கு சற்று மேம்படும் என்றாலும், தம் சேமிப்பு முழுவதையும் ஒரே நாட்டின் பங்குகளில் வைத்து 1990-இல் ஓய்வு பெற்றவரிடம் ‘பொறுத்திருங்கள், மீளும்’ என்று சொல்லியிருந்தால் அவர் 34 ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். இதைவிடக் கொடியது, சம்பளமும் சேமிப்பும் ஒரே நிறுவனத்தில் இருப்பது. 2001 டிசம்பரில் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் ஊழியர்களது ஓய்வுக்கால நிதியில் பாதிக்கும் மேற்பட்டது அந்த நிறுவனத்தின் பங்குகளிலேயே இருந்தது. முந்தைய ஆண்டில் ஏறத்தாழ 90 டாலருக்கு விற்ற பங்கு ஒரு டாலருக்கும் கீழே போனபோது, அவர்கள் வேலையையும் முதுமைக்கால நிதியையும் சேர்த்தே இழந்தார்கள்.

முதலீட்டு நிதிகள் ஆண்டுதோறும் பிடிக்கும் நிர்வாகக் கட்டணத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை; ஒன்று, இரண்டு சதவீதம் என்ற எண்கள் சிறியவையாகத் தோன்றுவதே காரணம். ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் முதலீட்டில் 100 போட்டு 30 ஆண்டுகள் விட்டால், கட்டணம் 0.2 சதவீதமாக இருக்கும்போது அது ஏறத்தாழ 950 ஆகிறது. 2 சதவீதமாக இருந்தால் 575 கூடத் தேறாது. இடையே காணாமல் போனது முதலில் போட்ட தொகையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். அமெரிக்காவின் வான்கார்ட் முதலீட்டு நிறுவனத்தை நிறுவிய ஜான் போகிள் 1976-இல் சாதாரண முதலீட்டாளர்களுக்கான முதல் குறியீட்டு நிதியைத் தொடங்கியதன் அடிப்படையே இந்தக் கணக்குதான்: சந்தையை வெல்வதாகச் சொல்பவருக்குக் கூலி கொடுப்பதைவிட, சந்தையையே குறைந்த செலவில் முழுதாக வாங்கிவிடலாம். ஆலோசகரின் ஊதியம் உங்களிடமிருந்து வருகிறதா, அவர் விற்கும் திட்டத்தின் தரகாக வருகிறதா என்று கேட்கத் தயங்குவதும் இதே வகைத் தவறு.

வேலை மாறும்போது ஓய்வு நிதியைக் கணக்கு முடித்துக் கையில் வாங்கிக்கொள்வது சிறிய தொகை என்பதால் பெரிதாகத் தெரியாது. 35 வயதில் அப்படி எடுக்கப்படும் தொகை, அதே 8 சதவீதத்தில், 60 வயதில் ஏறத்தாழ ஏழு மடங்காகியிருக்கும்.

மோசடிகளைப் பற்றிப் பேசும்போது பேராசைக்காரர்களே ஏமாறுவார்கள் என்ற எண்ணம் உண்டு. அது ஆபத்தான எண்ணம். 2008 டிசம்பரில் கைதான நியூயார்க் முதலீட்டு மோசடிக்காரர் பெர்னார்ட் மேடாஃப் வானளாவிய லாபத்தைக் காட்டவில்லை. ஏற்றஇறக்கமே இல்லாத, மிதமான, சீரான லாபத்தைக் காட்டினார். ஏறத்தாழ 6,500 கோடி டாலர் என்று காகிதத்தில் எழுதப்பட்டிருந்த கணக்குகளின் பின்னால் பங்குகள் எதுவும் வாங்கப்பட்டிருக்கவில்லை. நிம்மதியை விரும்பும் ஓய்வுபெற்றவருக்கு இரட்டிப்பு லாபத்தைவிட இந்தச் சீர்மையே பெரிய தூண்டில். சந்தையோடு தொடர்புடைய முதலீடு எதுவும் ஆண்டுக்கணக்கில் நேர்க்கோட்டில் ஏறாது. அப்படி ஏறுவதாகக் காட்டினால், பணம் யாருடைய பெயரில், எந்தச் சுதந்திரமான நிறுவனத்தின் பாதுகாப்பில் இருக்கிறது என்பதை அன்றே நேரில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கடைசியாக, நுணுக்கமாகத் திட்டமிடுகிறவர்களே அதிகம் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. பதினைந்து நிதிகள், ஏழெட்டுக் கணக்குகள், அவற்றின் கடவுச்சொற்கள் எல்லாம் ஒருவர் தலைக்குள் மட்டுமே இருக்கும். அவர் எழுபத்தைந்து வயதில் நினைவு தடுமாறினாலோ திடீரென இறந்தாலோ, துணைவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாது. ஓய்வு பெறும் ஆண்டிலேயே கணக்குகளை மூன்று நான்காகச் சுருக்கி, ஒவ்வொன்றிலும் நியமனதாரர் பெயரைச் சரிபார்த்து, எந்தப் பணம் எங்கே இருக்கிறது, முதலில் எதிலிருந்து எடுக்க வேண்டும், எதைக் கடைசிவரை தொடக் கூடாது என்பதை ஒரே தாளில் எழுதிவைக்க வேண்டும். அதை எழுதியவர் பக்கத்தில் இருக்கும்போதே, துணைவர் அந்தத் தாளை மட்டும் பார்த்து ஒரு முறை தாமாகவே பணம் எடுத்துப் பார்ப்பது நல்லது. விடுபட்டவை அப்போதுதான் வெளிப்படும்.