கழுத்து ஆபரேஷன் முடிந்தது, வேலைக்கு எப்போது? கணக்குத் தப்பும் இடங்கள்

ஆத்தங்குடியில் பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) ஊற்றுகிற ஒருவர், கழுத்து டிஸ்க் ஆபரேஷன் முடிந்த ஆறாவது வாரம் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தார். எக்ஸ்ரேயில், கழுத்தெலும்புகள் ஒன்றாகச் சேர்வதற்காக வைத்த தட்டும் திருகும் சரியாக உட்கார்ந்திருந்தன. "மூணு மாசத்துல பழையபடி வேலைக்குப் போயிரலாம்ணே" என்று சொல்லிவிட்டேன். படத்தைப் பார்த்தேனே தவிர, அவருடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண்ணாடி மேல் அச்சை வைத்து, குனிந்த தலை நிமிராமல் சாயம் ஊற்றி, மேலே சிமென்டும் மணலும் போட்டு அமுக்கி, காய்ந்ததைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கும் வேலை அது. குனிவும் உண்டு, சுமையும் உண்டு. மேசை வேலைக்காரர் பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடுவார். இவருக்கு மாதங்கள் ஆகும். சீட்டில் 'கூலி வேலை' என்று எழுதினால் இதெல்லாம் தெரியாது. கண்டாங்கி நெய்பவர் கனம் தூக்குவதில்லை, ஆனால் தறியில் மணிக்கணக்காகக் கழுத்து குனிந்தே இருக்கும். கல்யாணச் சமையலுக்குப் போகிறவரிடம், அண்டாவை இறக்க இன்னொரு ஆள் உண்டா என்று கேட்க வேண்டும்.

ஆபரேஷன் தேதியிலிருந்து மட்டும் நாளை எண்ணுவதும் தவறு. அதற்கு முன்பே எத்தனை மாதம் வீட்டில் இருந்தார்? அந்த இடைவெளி நீள நீளத் திரும்புவது கடினமாகிறது. தசை இளைத்துவிடும், அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்திருப்பார், குனியவே பயம் வந்திருக்கும்.

நரம்பு வேர் நசுங்கிக் கையில் மின்னல்போல் இறங்கும் வலியையும், தண்டுவடமே நசுங்கியதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முதலாவதில் கைவலி பலருக்குச் சீக்கிரம் குறையும். இரண்டாவதில் சட்டைப் பொத்தான் போட வராது, நடை தள்ளாடும். அங்கே ஆபரேஷனின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. விரல் நுணுக்கம் மெதுவாக வரலாம், முழுதாக வராமலும் போகலாம். பொற்கொல்லருக்கு அதுதானே பிழைப்பு!

பீடி குடித்தால், ஆபரேஷனில் இணைத்த எலும்பு ஒன்றுசேர்வது தாமதமாகும். மனச்சோர்வு, 'இனி என்னால் முடியாது' என்ற எண்ணம் இரண்டையும் நாம் கேட்காமல் அவர்களாகச் சொல்வதில்லை.

நான் அதிகம் அஞ்சுவது வேலைக்குத் திரும்பியவர்கள் இத்தனை பேர் என்ற வெளிநாட்டு ஆய்வுகளின் விழுக்காட்டை அப்படியே ஒப்பிப்பதைத்தான். சம்பளத்தோடு நோய் விடுப்பும் இழப்பீடும் உள்ள நாடுகளின் கணக்கு அவற்றில் நிறைய. இங்கே தினக்கூலிக்காரர் அரிசி வாங்குவதற்காகக் கழுத்துப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அவர் வேலைக்குத் திரும்பிவிட்டார் என்பது உண்மை; குணமாகிவிட்டார் என்பது வேறு. எலும்பு முழுதாக ஒன்றுசேர ஒரு வருடம்கூட ஆகலாம். அதனால் ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் மறுபடி கேட்கிறேன்: அதே வேலையா, அதே நேரமா, இடையில் விட்டுவிட்டீர்களா?

அந்த ஆத்தங்குடி அண்ணன் ஐந்தாம் மாதம் பட்டறைக்குப் போனார். மேசையை உயர்த்திப் போட்டு நின்றபடி சாயம் மட்டும் ஊற்றுகிறார், அரை நாள். கல்லைத் தூக்கித் தொட்டியில் இறக்குவது அவர் மகன்.