கேரம் விதி எழுதப் போகிறீர்களா? முதலில் ‘அவனை’த் தேடுங்கள்

எங்கள் வியாசர்பாடி கேரம் கிளப் சுவரில் ஒட்டியிருந்த விதித் தாளை எழுதியது நான்தான். அதில் ஒரு வரி: ‘தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் கொடுக்க வேண்டும்.’ போன கோடை விடுமுறையில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி 25-க்கு 9 என்று தோற்றாள். ஆனால் ஸ்டூலை விட்டு நகரவில்லை. “இன்னாண்ணா, தோத்தவன்தான் எழுந்துக்கணும்னு போட்டுக்கீது. நான் இன்னாத்துக்கு எழுந்துக்கணும்?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத்தான் பதில் வரவில்லை. 2008-இல் உலக சாம்பியன் ஆன இளவழகி இதே வியாசர்பாடி. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா, பக்கத்திலிருக்கும் புதுவண்ணாரப்பேட்டை. இங்கே உட்கார்ந்துகொண்டு கேரம் விதியை ‘அவன்’ போட்டு எழுதியது என் தப்புதான். அன்று ராத்திரியே தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். எழுதிய முறை இதுதான்.

படி 1: தேடுங்கள்

விதிகளை போனிலோ கம்ப்யூட்டரிலோ டைப் செய்துகொண்டு, தேடும் பெட்டியில் ‘வன்’ என்று போடுங்கள். அவன், போட்டவன், தோற்றவன் எல்லாம் மாட்டும். அடுத்து ‘காரன்’. அப்புறம் ‘வான்’, ‘பான்’. இதை விட்டுவிடாதீர்கள். கிரிக்கெட் விதிகளைப் பராமரிக்கும் எம்சிசி 2021-இல் ‘பேட்ஸ்மேன்’ என்பதை எடுத்துவிட்டு ‘பேட்டர்’ என்று மாற்றியது. ஆங்கிலத்தில் பெயரை மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். தமிழில் ‘அடிப்பான்’ என்ற வினைக்குள்ளேயே ஓர் ஆண் உட்கார்ந்திருப்பான்.

படி 2: வினையை மாற்றுங்கள்

பாதிக்கு மேல் வேலை இங்கேதான். வேண்டும், கூடாது, -லாம், -ஆல் என்று முடியும் சொற்களுக்கு ஆண், பெண் கிடையாது. விதிக்குத் தேவையானவையும் அவைதானே!

பழைய வரி (ரெட் என்றால் சிவப்புக் காய், ஃபாலோ என்றால் அதைத் தொடர்ந்து போடும் சொந்தக் காய்): ‘ரெட் போட்டவன் அடுத்த அடியிலேயே ஃபாலோ போடுவான். போடவில்லை என்றால் அவன் ரெட்டை வெளியே வைப்பான்.’

புதிய வரி: ‘ரெட் போட்டால், அடுத்த அடியிலேயே சொந்தக் காய் ஒன்றைப் போட வேண்டும். போடாவிட்டால் ரெட் நடு வட்டத்துக்குத் திரும்பும்.’

ஆளே இல்லாமல் விதி நிற்கிறது பாருங்கள். நீளமும் அதிகம் கூடவில்லை.

படி 3: ‘அவர்’ போடும்போது கவனம்

எல்லா ‘அவனை’யும் ‘அவர்’ ஆக்கிவிட்டால் போதும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். தப்புக்குத் தண்டனையாக ஒரு காயைத் திருப்பி வைக்கும் ‘டியூ’ விதியில் மாட்டிக்கொண்டேன்: ‘அவர் ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால், அவர் காய் ஒன்றை அவர் எடுத்து வட்டத்தில் வைக்க வேண்டும்.’ எந்த அவர்? ஸ்ட்ரைக்கரைப் போட்டவரா, எதிரில் இருப்பவரா? நம் ஆட்கள் இதற்கே ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள்.

ஆளைச் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் அவர் செய்யும் வேலையைப் பெயராக்குங்கள்: அடிப்பவர், தொடங்குபவர், எதிராளி, பார்ட்னர், நடுவர். இப்போது, ‘அடிப்பவரின் ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால், அவர் போட்ட காய்களில் ஒன்றை எதிராளி எடுத்து வட்டத்துக்குள் வைக்க வேண்டும்.’ இன்னொரு கைகொடுக்கும் சொல் ‘தன்’. ‘தன் காய்’ என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, யாருடைய காய் என்ற குழப்பமும் இல்லை.

‘அவன்/அவள்’ என்று கோடு போடுவது எனக்குப் பிடிக்காது. ‘அடிப்பான்/அடிப்பாள்’ என்று வினைக்கும் கோடு போட வேண்டிவரும், படிக்கும்போது நாக்கு தடுக்கும். திருநங்கை ஒருவர் ஆட வந்தால் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பார்? சர்வதேச செஸ் விதிகளில் முன்னுரையிலேயே ‘ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும்’ என்று எழுதிவிட்டார்கள். அது புத்தகத்துக்குச் சரி. சுவரில் ஒட்டும் தாளில் முன்னுரையை யார் படிக்கப் போகிறார்கள்?

படி 4: சில்லறை வேலைகள்

‘வீரர்’ பொதுச்சொல்தான். ஆனால் பக்கத்திலேயே ‘வீராங்கனை’ வந்தால் அது ஆணாகிவிடும். ‘போட்டியாளர்’ என்று போட்டுவிடுங்கள். ‘ஆண்கள் ஒற்றையர்’, ‘பெண்கள் ஒற்றையர்’ என்பவை பிரிவின் பெயர்கள், அவற்றைத் தொட வேண்டாம். ரெட்டை ‘ராணி’ என்று சொல்லும் பெரியவர்களையும் விட்டுவிடுங்கள், அது காய்.

கடைசியாக, ஆட்டம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே ‘யாரு?’ என்று கேட்கிறாரோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

புதிய தாளை நான் முதலில் கொடுத்தது அந்தப் பெண்ணிடம்தான். ‘தோற்றவர் எழுந்து இடம் கொடுக்க வேண்டும்’ என்ற வரியை இரண்டு தடவை படித்தாள். “சரிண்ணா, எத்தினி நிமிசத்துல எழுந்துக்கணும்னு போடலியே?”

அந்த வரியை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.