கொழுப்பை நிறுத்திய இடத்தில் எதை வைத்தீர்கள்?

"ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது" என்று மருத்துவர் சொன்னதும் பலர் அன்றைக்கே எண்ணெயைக் கைவிட்டுவிடுகிறார்கள். தட்டில் இருப்பதையும் ரத்தத்தில் அளப்பதையும் நாம் 'கொழுப்பு' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். அதனால், சாப்பிட்ட கொழுப்பு அப்படியே போய் ரத்தக்குழாயில் படிகிறது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இந்த எண்ணத்திலிருந்துதான் மற்ற தவறுகள் பலவும் கிளைக்கின்றன.

ரத்தத்தில் அளக்கும் கொழுப்புகளில் முக்கியமானது கொலஸ்ட்ரால். உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. செல்களின் உறைக்கும், பித்தநீருக்கும், பல ஹார்மோன்களுக்கும் அது தேவை. அதைச் சுமந்து திரியும், 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல். துகள்களை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். வெண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்பை அதிகமாகச் சாப்பிட்டால் இந்த ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. துகள்கள் ரத்தத்திலேயே தேங்கி, தமனிச் சுவருக்குள் புகுகின்றன.

இது புரிந்தால் முட்டை மீதான பயம் கொஞ்சம் தணியும். ஒரு முட்டையில் சுமார் 190 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு. நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் கொலஸ்ட்ரால் வெறும் 30 மில்லிகிராம், ஆனால் நிறைவுற்ற கொழுப்பு 7 கிராம். எல்.டி.எல்.லை அதிகம் ஏற்றுவது வெண்ணெய்தான். மஞ்சள் கருவை எடுத்துப் போட்டுவிட்டு வெள்ளைக் கருவை வெண்ணெயில் பொரித்துச் சாப்பிடுகிறவர், காவலைத் தவறான வாசலில் நிறுத்தியிருக்கிறார். நீரிழிவோ மிக உயர்ந்த எல்.டி.எல். அளவோ உள்ளவர்கள் முட்டையின் எண்ணிக்கையை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எண்ணெய் உறையில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பி வாங்குவதும் இதே வகைத் தவறுதான். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் சொல்லும்படியாக இருப்பதில்லை. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் அளவை. தேங்காய் எண்ணெயில் அது 80 சதவீதத்துக்கும் மேல். பாமாயிலில் ஏறக்குறைய பாதி. ஆலிவ் எண்ணெயில் 14 சதவீதம் அளவில்.

நான் மிகவும் கவலைப்படும் தவறுக்கு வருகிறேன். கொழுப்பைக் குறைக்கிறவர்கள், அந்த இடத்தில் எது வந்து உட்காருகிறது என்று பார்ப்பதில்லை. பசி காலி இடத்தை விட்டுவைக்காது. வெண்ணெய் போன இடத்தில் வெள்ளை மாவும் சர்க்கரையும் வந்தால் எல்.டி.எல். ஓரளவு இறங்கலாம், ஆனால் ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறுகிறது, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். குறைகிறது, இதயத்துக்கு ஆபத்து குறைந்தபாடில்லை. 'கொழுப்பு குறைந்தது' என்று விற்கப்படும் பண்டங்கள் பலவற்றில், போன ருசியை ஈடுகட்டச் சர்க்கரை சேர்க்கப்படுகிறது. அதே இடத்தில் கொட்டைகள், விதைகள், மீன், சூரியகாந்தி, சோயா போன்ற நிறைவுறா எண்ணெய்கள் வந்தால் கதை வேறு. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக, சூரியகாந்தி, சோயா எண்ணெய்களில் மிகுந்திருக்கும் பன்மை நிறைவுறாக் கொழுப்பைச் சாப்பிட்டவர்களிடம் இதயநோய் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததாக, பழைய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் அறிவித்தது. ஆகவே எதை நிறுத்தினோம் என்பதோடு எதைச் சேர்த்தோம் என்பதையும் எழுதி வையுங்கள்.

நல்ல கொழுப்பு என்பதற்காக அளவில்லாமல் ஊற்றவும் கூடாது. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி.

எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். அது எல்.டி.எல்.லை ஏற்றி, எச்.டி.எல்.லையும் இறக்குகிறது. மொத்த ஆற்றலில் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 2 கிராம் சொச்சம். உறையில் 'பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்யப்பட்ட எண்ணெய்' என்று கண்டால் திரும்ப வைத்துவிடுங்கள்.

'எனக்கு நல்ல கொலஸ்ட்ரால் அதிகம், பயமில்லை' என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். எச்.டி.எல்.லை வெகுவாக உயர்த்திய டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனை, இறப்புகள் கூடியதால் 2006இல் நிறுத்தப்பட்டது. எச்.டி.எல். உயர்ந்திருப்பது எல்.டி.எல்.லுக்குப் பரிகாரம் ஆகாது.

இன்னொன்று, உணவை மாற்றிவிட்டோம் என்று கொலஸ்ட்ராலுக்கான மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது. சுமார் 250 பேரில் ஒருவருக்கு எல்.டி.எல். பிறவியிலேயே உயர்ந்திருக்கிறது. பெரும்பாலும், எல்.டி.எல்.லைப் பிடிக்கும் அந்த ஏற்பிகளின் மரபணுவில் உள்ள கோளாறே காரணம். அவர்கள் ஒல்லியாக இருக்கலாம், அளவோடு சாப்பிடலாம். உணவால் மட்டும் அந்த எண் போதுமான அளவுக்கு இறங்காது. அவர்களைப் பார்த்து 'வாயைக் கட்டவில்லை' என்று பழிப்பது கொடுமை. குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என எல்லோரும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.