குளோரின் மாத்திரையிலிருந்து உப்பு நீர் முறைக்கு: வீட்டு நீச்சல் குளத்தை மாற்றுவது எப்படி?

உப்பு நீர்க் குளம் என்றால் குளோரினே இல்லாத குளம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அந்தக் குளத்தையும் குளோரின்தான் சுத்தமாக வைத்திருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை, டைட்டானியத் தகடுகள் கொண்ட ஒரு சிறிய செல்லின் வழியே மின்சாரம் பிரித்து, பம்ப் ஓடும் நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குளோரினை உண்டாக்குகிறது. வேலை முடிந்த குளோரின் மறுபடியும் உப்பாகிவிடுகிறது. ஆகவே நாம் மாற்றுவது குளோரினை அல்ல, அது வந்து சேரும் வழியை மட்டுமே. இந்த மாற்றத்தில் இயந்திரம் கடைசியில் வர வேண்டும், தண்ணீரைச் சீர்செய்வது முதலில் வர வேண்டும் என்பதே என் அனுபவம். எங்கள் கோயம்புத்தூர் வீட்டில் இந்த வரிசையை மாற்றிச் செய்ததால், புதுச் செல் முழு வேகத்தில் ஓடியும் இரண்டு மாதம் தண்ணீர் பச்சை பூத்துக்கொண்டே இருந்தது.

முதலில் குளத்தின் கொள்ளளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நீளம், அகலம், சராசரி ஆழம் ஆகிய மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரியாக 1.4 மீட்டர் ஆழமும் உள்ள குளம் ஏறத்தாழ 45 கன மீட்டர், அதாவது 45,000 லிட்டர் பிடிக்கும். இனி வரும் கணக்குகள் யாவும் இந்த எண்ணையே சார்ந்தவை.

அடுத்து, மாத்திரைகள் தண்ணீரில் விட்டுச்சென்றதை அளக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் டிரைகுளோர் மாத்திரையில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கிறது. இதைத்தான் ஸ்டெபிலைசர் என்கிறார்கள். வெயில் குளோரினை அழித்துவிடாமல் காப்பது இதன் நன்மை. ஆனால் அளவு மிகுந்தால் குளோரினையே இறுகப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாது. மாத்திரை 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், என்பதே ஒரு பிபிஎம்) குளோரின் கொடுக்கும்போது சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் சேர்த்துவிடுகிறது. நாளொன்றுக்கு 2 பிபிஎம் குளோரின் வீதம் போட்டு வந்தாலே இரண்டு மாதத்தில் அது 70 பிபிஎம்மைத் தாண்டிவிடும். குளோரின் தீர்ந்துபோகும், இதுவோ தண்ணீரை வெளியேற்றினாலன்றிப் போகாது.

அளக்கும் முறை எளியது. சோதனைப் பெட்டியில் உள்ள சிறு புட்டியில் குளத்துத் தண்ணீரையும் அதற்குரிய கரைசலையும் சம அளவில் ஊற்றி அரை நிமிடம் குலுக்கினால், சில துளி பால் விட்டது போலத் தண்ணீர் வெளுக்கும். அடியில் கருப்புப் புள்ளி உள்ள குழாயை இடுப்பளவில் பிடித்து, சூரியனுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, அந்தக் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மேலிருந்து பார்க்கையில் புள்ளி கண்ணுக்கு மறையும் இடத்தில் குழாயின் பக்கவாட்டில் உள்ள எண்ணே உங்கள் அளவு. 100 என்ற கோட்டுக்கு முன்பே மறைந்துவிட்டால், குளத்துத் தண்ணீரோடு அதே அளவு குழாய்த் தண்ணீர் கலந்து மீண்டும் சோதித்து, கிடைத்த எண்ணை இரட்டிப்பாக்குங்கள்.

உப்பு நீர் முறைக்குச் சயனூரிக் அமிலம் 60 முதல் 80 பிபிஎம் வரை இருப்பது நல்லது. 150 இருந்தால் பாதித் தண்ணீரை மாற்றியாக வேண்டும். ஒரேயடியாகக் குளத்தைக் காலி செய்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது வெற்றுக் குளத்தை அது கீழிருந்து தள்ளி, தரையைப் பிளக்கவும் டைல்களைப் பெயர்க்கவும் கூடும். மூன்றில் ஒரு பங்காக இறக்கி, நிரப்பி, மறுபடியும் இறக்குவதே பாதுகாப்பு. கடினத்தன்மை மிகுந்த போர் தண்ணீராக இருந்தால், அதை ஊற்றும் முன்பே கால்சியத்தைச் சோதித்துவிடுங்கள். குளத்தில் கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் செல்லின் தகடுகளில் வெள்ளைப் படிவு விரைவில் ஏறும். தண்ணீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 7.8 வரையிலும், அந்த பி.எச். சட்டென்று மாறாமல் தாங்கும் காரத்தன்மை 60 முதல் 80 பிபிஎம் வரையிலும் இருக்கட்டும்.

தண்ணீர் சீரானதும் செல்லைத் தேர்ந்தெடுக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்கு 3 பிபிஎம் குளோரின் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 45 கன மீட்டர் குளத்துக்கு 135 கிராம் தேவை. பம்ப் 8 மணி நேரம் ஓடினால் மணிக்கு 17 கிராம் ஆகிறது. அதே அளவு செல்லை வாங்கினால் அது எப்போதும் நூறு சதவீதத்தில் ஓடி விரைவில் தேய்ந்துவிடும் என்பதால், மணிக்கு 25 முதல் 30 கிராம் வரை தரக்கூடியதை வாங்குவதே சிக்கனம். அதற்கு முன் குளத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். ஏணியும் கைப்பிடியும் 304 வகை எஃகாக இருந்தால் துருப்புள்ளிகள் தோன்றலாம், 316 வகை நன்றாகத் தாங்கும். ஓரத்தில் கடப்பா போன்ற சுண்ணாம்புக் கல் பதித்திருந்தால், உப்பு உள்ளிறங்கிப் பொரியாமல் இருக்கச் சீலர் பூசுவது அவசியம்.

பொருத்தும் வேலையைப் பிளம்பரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் விடுங்கள். ஆனால் மூன்று விஷயங்களை நீங்களே நின்று பாருங்கள். பம்ப், பில்டர், ஹீட்டர் இருந்தால் அதுவும் கடந்த பிறகு கடைசியாகவே செல் வர வேண்டும். இணைப்பு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாக, சரியான எர்த்திங்கோடு இருக்க வேண்டும். செல்லில் ஹைட்ரஜனும் உண்டாவதால், தண்ணீர் ஓட்டம் நின்றவுடன் செல்லை அணைக்கும் ஃப்ளோ சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பம்பை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். பழைய மாத்திரைப் பெட்டியைக் கழற்றிவிடலாம். அதில் எஞ்சிய டிரைகுளோரோடு கால்சியம் ஹைப்போகுளோரைட்டையோ பிளீச்சிங் பவுடரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். அவை ஒன்றுசேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும்.

இனி உப்பு. அயோடின் கலந்த சமையல் உப்பு வேண்டாம். உப்பளத்திலிருந்து நேரே வரும் கல்லுப்பும் வேண்டாம், அதில் கால்சியமும் மக்னீசியமும் ஒட்டியிருக்கும். 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையான, அயோடின் சேர்க்காத சுத்திகரிக்கப்பட்ட உப்பையே கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான செல்களுக்கு 3,200 பிபிஎம் போதும். கடல் நீரில் சுமார் 35,000 பிபிஎம் உப்பு இருப்பதால், இதில் குளிப்பவருக்குக் கரிப்பு அவ்வளவாகத் தெரியாது. தண்ணீரில் ஏற்கெனவே 700 பிபிஎம் உப்பு இருந்தால் பற்றாக்குறை 2,500; அதை 45ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் 112 கிலோ வரும். உப்பு கூடிவிட்டால் தண்ணீரைத்தான் வெளியேற்ற வேண்டியிருக்கும் என்பதால், முதலில் 50 கிலோ மூட்டைகள் இரண்டை மட்டும் போடுங்கள்.

செல்லை அணைத்து, பம்பை மட்டும் ஓட விட்டு, மூட்டையைச் சாய்த்தபடி ஆழமில்லாத பக்கத்து ஓரமாக நடந்துகொண்டே கொட்டுங்கள். உப்பு மணல் போல அடியில் படிந்து, தரையின் நீலத்தின் மேல் வெள்ளைக் கோடாகக் கிடக்கும். அது கரையும் வரை பிரஷால் தள்ளிக்கொண்டிருங்கள். குவியலாக விட்டால் தரைப் பூச்சில் கறை படியலாம். இருபத்து நான்கு மணி நேரம் பம்ப் ஓடிய பின் உப்பை அளந்து, தேவையான மீதியைச் சேர்த்து, அதுவும் முழுதாகக் கரைந்த பிறகுதான் செல்லை இயக்க வேண்டும். அதற்கு முன் திரவக் குளோரின் ஊற்றி அளவை 4 பிபிஎம் ஆக்கிவிடுங்கள். குளோரினை நிலையாக வைத்திருக்கத்தான் செல்லால் முடியும், வெறும் தண்ணீரிலிருந்து மேலே ஏற்றுவதற்கு அது நாள்கணக்கில் திணறும்.

முதல் இரண்டு வாரம் தினமும் குளோரினையும் பி.எச்.சையும் பாருங்கள். குளோரின் 3 முதல் 5 பிபிஎம்முக்குள் நிற்கும்படி செல்லின் சதவீதத்தைச் சிறிது சிறிதாகத் திருத்துங்கள். மாத்திரை பி.எச்.சை இறக்கிக்கொண்டே இருந்தது. செல்லிலிருந்து கிளம்பும் குமிழ்கள் கரியமில வாயுவை வெளியேற்றுவதால் இப்போது அது ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே பி.எச்.சை ஏற்றச் சோடா உப்பு வாங்கிய வழக்கம் போய், வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செல்லைக் கழற்றிப் பார்த்து, படிவு இருந்தால் மட்டும் ஐந்து பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அமிலம் கலந்து சில நிமிடம் ஊறவிடுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும்.

உப்பு ஆவியாகப் போவதில்லை; பில்டரைத் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவும் பேக்வாஷிலும் மழை வழிதலிலும்தான் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் வழிந்த பிறகு, அளந்து பார்க்காமல் மூட்டையைப் பிரிக்காதீர்கள். பேக்வாஷ் தண்ணீரை மல்லிகைப் பாத்திக்கும் வாழைக்கும் திருப்பிவிடும் பழக்கம் இருந்தால், உப்பு போடும் நாளன்றே அந்தக் குழாயைக் கழிவுநீர்த் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.