மினி கம்ப்யூட்டரை மெயின்பிரேமோடு இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒன்பதாவது டெர்மினல் ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மதுரையை ஒட்டிய கப்பலூர் பக்கம் ஒரு தொழிற்சாலை. அங்கே ஏஎஸ்/400 என்ற ஐபிஎம் மினி கம்ப்யூட்டர், சென்னைத் தலைமை அலுவலகத்தில் ஐபிஎம் மெயின்பிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டர், நடுவில் வாடகை டெலிபோன் லைன். தொழிற்சாலை ஆட்கள் தங்கள் டெர்மினலில் உட்கார்ந்தபடியே சென்னையின் 3270 (மெயின்பிரேமுக்கென்று ஐபிஎம் செய்த டெர்மினல் வகை) ஸ்கிரீனைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. எட்டுப் பேருக்கு அழகாக வந்துவிட்டது. ஒன்பதாவது ஆளுக்கு வரவே இல்லை. கேபிளை மாற்றினேன், டெர்மினலை மாற்றினேன், அந்த மூலையில் வாஸ்து சரியில்லை என்று ஒருவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டேன். கடைசியில் சென்னைக்குப் போன் போட்டால், அந்தப் பக்கம் இருந்த பெரியவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, முகவரியை ஹெக்ஸ்ல போட்டீங்களா?"

விஷயம் இதுதான். மெயின்பிரேம் பக்கம் வீடேம் என்ற மென்பொருள் ஒவ்வொரு செஷனுக்கும், அதாவது ஒவ்வொரு எல்யூவுக்கும், ஓர் உள்முகவரி வைத்திருக்கும். அதைச் சாதாரண தசம எண்ணில் எழுதுவார்கள். ஏஎஸ்/400-ல் அதே முகவரியை ஹெக்ஸில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில், அடிக்க வேண்டும்; அதில் 9-க்குப் பிறகு ஏ, பி என்று எழுத்துகள் வரும். வழக்கமாக 2-லிருந்து தொடங்குவார்கள். 2 முதல் 9 வரை இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். எட்டு டெர்மினல் ஆயிற்றா? தாளில் 10 என்று இருந்ததை நானும் 10 என்றே அடித்துவிட்டேன். ஹெக்ஸில் 10 என்றால் 16. அடித்திருக்க வேண்டியது 0ஏ. சென்னையில் 13-உடன் பட்டியலை முடித்திருந்தார்கள், 16 என்று ஒருவர் வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்?

அன்றிலிருந்து யார் என்னிடம் "சிஸ்டம் தேவைகள் என்னென்ன" என்று கேட்டாலும், மெமரி எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று நான் ஆரம்பிப்பதில்லை. அதெல்லாம் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். கிடைக்காதது மெயின்பிரேம்காரர்கள் கையிலிருந்து வரவேண்டிய அந்த ஒரு தாள். டெர்மினல் எமுலேஷன் என்பது மினி கம்ப்யூட்டர் போடும் வேஷம்; தான் ஒரு 3270 டெர்மினல்தான் என்று மெயின்பிரேமை நம்பவைக்கிறது. எதிராளி என்ன எதிர்பார்க்கிறார் என்று தெரியாமல் வேஷம் கட்ட முடியாது. ஆனால் முக்கால்வாசிப் பேர் மோடம், கார்டு, கேபிள் எல்லாம் வாங்கிவைத்துவிட்டு, பொருத்த ஆள் வந்த பிறகுதான் அந்தத் தாளைத் தேடுகிறார்கள்.

தாளில் என்ன இருக்க வேண்டும்? லைனில் தரவு போகும் விதிமுறை பழைய பைசின்கா, பின்னால் வந்த எஸ்டிஎல்சியா என்பது முதலில், ஏனென்றால் அது தவறினால் மற்றது எதுவும் பேசிப் பயனில்லை. அப்புறம் வேகம், நிலைய முகவரி, ஒரு ஃப்ரேமில் (ஒரு தடவை அனுப்பும் தரவுப் பொட்டலத்தில்) அதிகபட்சம் எத்தனை பைட், செஷன்கள் எத்தனை, அவற்றின் முகவரிகள் எவை, எந்த லாக்மோட் (செஷன் எந்த விதிகளில் தொடங்க வேண்டும் என்ற வரையறையின் பெயர்). இன்னொன்று, பிட்டுகளை லைனில் சிக்னலாக மாற்றும் என்ஆர்இசட்ஐ என்ற முறை உண்டா என்பது. ஆம் அல்லது இல்லை என்று ஒரே ஒரு பதில்தான், ஆனால் ஒரு பக்கம் ஆம், மறுபக்கம் இல்லை என்று இருந்தால் மோடம் விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரியும், கேரியர் இருக்கும், லைன்காரரும் "எங்க பக்கம் ஓகே சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், ஒரு ஃப்ரேம்கூட மறுபக்கம் புரியாது. இந்த ஒரு எழுத்துக்காக மோடத்தையே மாற்றிய இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

டயல் வழியாகவோ லேன் வழியாகவோ இணைப்பவர்கள் எக்ஸ்ஐடியையும் (இணையும்போது இயந்திரம் தான் யார் என்று சொல்லும் எண்) கவனிக்க வேண்டும். அது எட்டு இலக்கம்; முதல் மூன்று எந்த வகை இயந்திரம் என்பதைச் சொல்லும், மீதி ஐந்து நம்முடைய அடையாளம். ஏஎஸ்/400-க்கு அந்த மூன்று 056. பிசியில் எமுலேட்டர் போட்ட வேறொரு கிளையின் தாளைப் பார்த்து 05டி என்று எழுதிவிட்டால் மெயின்பிரேம் ஆள் தெரியவில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பக்கத்துக் கிளையைப் பார்த்து எழுதுவது பரீட்சையில்கூடச் சில நேரம் பலிக்கும், இங்கே பலிக்காது.

செஷன் எண்ணிக்கையை ஆள் கணக்கில் கேட்பதும் தவறு. ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு ஸ்கிரீன் வேண்டுமென்றால் அது இரண்டு எல்யூ. பிரின்டருக்குத் தனி எல்யூ, அதுவும் வேறு வகை. ஸ்கிரீனுக்குக் கொடுத்ததைப் பிரின்டருக்கு வைக்க முடியாது.

கேபிள் விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். கன்ட்ரோலரிலிருந்து (பல டெர்மினல்களை மெயின்பிரேமோடு சேர்க்கும் பெட்டி) கோஆக்ஸ் கேபிள் இழுத்து இணைக்கும் இடங்களில் ஆர்ஜி-62 கேபிள்தான் வேண்டும், அது 93 ஓம். பழைய ஈதர்நெட்டுக்கு வரும் ஆர்ஜி-58 வேறு, 50 ஓம். இரண்டுக்கும் பிஎன்சி முனைதான், கடைக்காரர் கையில் பார்த்தால் இரண்டும் கறுப்பு வயர்தான். மதுரை டவுன் ஹால் ரோட்டில் போய் "அதே மாதிரி ஒரு இருபது மீட்டர்" என்று கேட்டால் எது ஸ்டாக்கில் இருக்கிறதோ அது வரும். கொடுமை என்னவென்றால் தூரம் குறைவாக இருந்தால் அது வேலையும் செய்துவிடும். பிறகு அதை நீட்டி மாடிக்குக் கொண்டுபோகும் நாளில்தான் தகராறு தொடங்கும். ஏஎஸ்/400-ன் ட்வினாக்ஸ் வயரில் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே ஒரு லைனில் 0 முதல் 6 வரை ஏழு முகவரிதான், கடைசி டெர்மினலில் டெர்மினேஷன் போட மறக்காதீர்கள், அவ்வளவுதான்.

மின்சாரம். கம்ப்யூட்டரை யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு மோடத்தைச் சுவர் பிளக்கில் நேராகச் செருகுவது நம் ஊரின் நிரந்தரப் பழக்கம். 2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இதை மதுரை முழுக்கப் பார்த்தேன். கரண்ட் போனால் மினி கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும், மோடம் செத்திருக்கும், மெயின்பிரேமோ அந்த ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கும். கரண்ட் வந்து மறுபடி லாகின் செய்தால், இந்தப் பெயரில் ஏற்கனவே ஆள் உண்டு என்று விரட்டும். மெயின்பிரேமில் டிஎஸ்ஓ என்ற லாகின் சூழலில் ரீகனெக்ட் என்று கேட்டு நுழையலாம். மற்ற இடங்களில் அந்தப் பக்கம் போன் போட்டு எல்யூவை விடுவிக்கச் சொல்ல வேண்டும். மோடமும் யூபிஎஸ்ஸில்தான் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் அந்த மோடத்தை மூடிய மர அலமாரிக்குள் வைக்கவும் கூடாது.

இனி, இணைப்பு வந்த பிறகு வரும் தொல்லை. 1971-ல் வந்த 3270-ன் முறையே வேறு. யுனிக்ஸ் ஓடும் மினி கம்ப்யூட்டர்களிலோ டிஇசி கம்பெனியின் வேக்ஸிலோ விடி220 டெர்மினலில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது அந்தக் கணமே கம்ப்யூட்டருக்குப் போய்விடும். 3270-ல் போகாது. நீங்கள் ஸ்கிரீன் முழுக்க நிரப்பி, என்டரையோ பிஎஃப் என்ற ஃபங்ஷன் விசை ஒன்றையோ அழுத்தும்போதுதான் மொத்தமாகப் போகும், போன உடனே கீபோர்டு பூட்டிக்கொள்ளும், பதில் வரும்வரை திறக்காது. இது தெரியாத ஆபரேட்டர் "ஹேங் ஆயிடுச்சு" என்று ரீசெட்டைக் குத்திக்கொண்டே இருப்பார். அடுத்து விசைகள். 3270-க்கு 24 பிஎஃப் விசை, போதாததற்கு பிஏ1, பிஏ2, கிளியர். விடி டெர்மினலில் பிஎஃப் என்று பெயர் போட்டவை நான்கே. எந்த விசை எதுவாக வேலை செய்யும் என்று முதல் நாளே ஒரு வரைபடம் போட்டு, பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு டெர்மினல் மேலும் ஒட்டிவிடுங்கள். கிளியர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அரை நாள் ஒரே ஸ்கிரீனில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

எழுத்து மாற்றத்தில்தான் பணம் போகும், அதனால் இதை நிதானமாகப் படியுங்கள். எழுத்துகளை எண்ணாக வைத்துக்கொள்ளும் முறைகள் இங்கே இரண்டு. மெயின்பிரேம் எப்சிடிக், ஏஎஸ்/400-ம் எப்சிடிக்தான், யுனிக்ஸ், வேக்ஸ், பிசி எல்லாம் ஆஸ்கி. ஆங்கில ஏ எப்சிடிக்கில் சி1, ஆஸ்கியில் 41. ஸ்கிரீனில் பார்ப்பதை எமுலேட்டர் மாற்றிக் கொடுத்துவிடும். ஆபத்து ஃபைல் எடுக்கும்போதுதான். ஐஎன்டி டாலர் ஃபைல் (IND$FILE) என்ற ஃபைல் மாற்றும் புரோகிராம் வழியாக, ஆஸ்கி மாற்றம் போட்டு, தொகைகள் பேக்டு டெசிமலில் இருக்கும் ஒரு ஃபைலை இறக்கினால், பெயரும் ஊரும் பளிச்சென்று வரும், தொகை இருந்த இடத்தில் குப்பை வரும். பேக்டு என்பது ஒரு பைட்டில் இரண்டு இலக்கத்தை அடைக்கும் முறை, எழுத்தே அல்ல, அதை எழுத்தாக நினைத்து மாற்றியதால் வந்த வினை. மெயின்பிரேம் பக்கமே எல்லா எண்களையும் படிக்கக்கூடிய எழுத்தாக்கி, அப்புறம் இறக்குங்கள். வரிசைப்படுத்தலும் மாறும்: எப்சிடிக்கில் எழுத்துகள் முதலில், எண்கள் பிறகு, ஆஸ்கியில் தலைகீழ். மெயின்பிரேம் வரிசையை நம்பி எழுதிய மேட்சிங் புரோகிராம் இந்தப் பக்கம் வந்ததும் பாதி ரெக்கார்டைக் காணோம் என்று சொன்னால் முதலில் இதைப் பாருங்கள். சதுர அடைப்புக்குறி மட்டும் வேறு ஏதோ குறியாக வந்தால், எப்சிடிக்கின் இரண்டு எழுத்துப் பட்டியல்களான கோட் பேஜ் 037-க்கும் 1047-க்கும் உள்ள தகராறு.

இப்போது வடபழஞ்சி, இளந்தைக்குளம் ஐடி பூங்காக்களில் இருக்கும் மதுரைப் பிள்ளைகளுக்கு மோடம் எதுவும் தெரியவேண்டாம், நெட்வொர்க் வழியாகவே 3270 ஸ்கிரீனைத் தரும் டிஎன்3270 போதும். இருந்தாலும் தவறுகள் உறவுக்காரர்கள்தான். போர்ட் 23-ல் போனால் பாஸ்வேர்டு அப்படியே திறந்துபோகும், 992-ல் டிஎல்எஸ் என்ற மறையாக்கம் வைத்துப் போங்கள். குறிப்பிட்ட எல்யூ பெயரோ பிரின்டரோ வேண்டுமென்றால் பழைய டிஎன்3270 போதாது, டிஎன்3270இ வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்தால் செஷன் செத்திருக்கிறது என்றால் மெயின்பிரேமைத் திட்டாதீர்கள், நடுவில் ஃபயர்வால் வெட்டியிருக்கும், சும்மா இருக்கும் இணைப்பை உயிரோடு வைக்கும் கீப்அலைவ் போடுங்கள்.

கடைசியாக, சோதனை. ஒரே ஆளை உட்காரவைத்து, காலை பதினொரு மணிக்கு ஒரு ஸ்கிரீன் வந்ததும் கைகொடுத்துவிட்டுக் கிளம்பக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 வரி, 80 எழுத்து, மொத்தம் 1920 எழுத்து, எட்டால் பெருக்கினால் 15,360 பிட். விநாடிக்கு 9600 பிட் போகும் லைனில் ஒரு முழு ஸ்கிரீன் வர 1.6 விநாடி. கப்பலூரில் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்டரைத் தட்டினால் கடைசி ஆளுக்கு 19 விநாடிக்கு மேல். அதே லைனில் சம்பளப் பட்டியலும் பிரின்ட் ஆகிக்கொண்டிருந்தது என்றால் அவர் வெளியே போய் டீ குடித்துவிட்டே வரலாம், நிஜமாகவே போய்விட்டும் வந்தார்.